கையால் வலை பின்னுதல்

கையால் வலை பின்னுதல் என்பது நூலையோ மெல்லிய கயிற்றையோ முடிச்சுகளால் இணைத்து, ஒரே அளவுள்ள கண்களைக் கொண்ட வலையைப் பொறியின் துணையின்றி உருவாக்கும் கைத்தொழில் நுட்பம் ஆகும். மீனவர்களிடையே இது பரம்பரைத் தொழிலறிவு. படைவீரர்கள், வான்படை விமானிகள், சாரணர்கள், காட்டுப்பயண மாணவர்கள் ஆகியோருக்கு இது உயிர்பிழைப்புத் திறன்களுள் ஒன்றாகக் கற்பிக்கப்படுகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் இந்த இரண்டாவது நோக்கில், அதாவது மீன்பிடிக் குடும்பத்தில் பிறவாத ஒருவருக்கு வலை பின்னக் கற்றுத்தருவது பற்றியது.

தூண்டில், ஈட்டி ஆகியவற்றைக் கையாள ஆள் அருகிலேயே இருக்க வேண்டும். நீரில் இட்ட வலையோ ஆள் உறங்கும்போதும் விறகு சேர்க்கும்போதும் வேலை செய்துகொண்டிருக்கும். உணவின்றி வலுவிழந்து வரும் ஒருவருக்கு இந்த வேறுபாடு பெரிது. ஆயினும் வலை எளிதில் கிடைப்பதன்று. அதற்குப் பல மணி நேர உழைப்பும் நூற்றுக்கணக்கான மீட்டர் நூலும் தேவை. எனவே எப்போது வலை பின்னத் தொடங்குவது, எப்போது வேண்டாம் என்று முடிவெடுப்பதும் இத்திறனின் ஒரு பகுதியே.

வரலாறு

வலை மாந்தரின் மிகப் பழைய கருவிகளுள் ஒன்று. மட்பாண்டத்தையும் உழவையும் அறியாத வேட்டைச் சமூகங்களிலும் வலை இருந்துள்ளது. இன்று கிடைத்துள்ள மிகப் பழைய மீன்வலைகளுள் ஒன்று அன்ட்ரியா வலை எனப்படுகிறது. இது 1913ஆம் ஆண்டு, அப்போது பின்லாந்தின் பகுதியாக இருந்த கரேலியாவின் அன்ட்ரியா என்னும் இடத்தில் ஓர் உழவரின் நிலத்தில் கண்டெடுக்கப்பட்டது. அவ்விடம் இப்போது உருசியாவில் உள்ளது. வில்லோ மரத்தின் உட்பட்டை நாரால் செய்யப்பட்ட இவ்வலை ஏறத்தாழ 10,500 ஆண்டுகள் பழமையானது. நீளம் சுமார் 27 முதல் 30 மீட்டர், உயரம் சுமார் 1.3 முதல் 1.5 மீட்டர், கண்ணளவு சுமார் 6 செ.மீ. எனக் கணிக்கப்பட்டுள்ளது. பைன் மரப்பட்டை மிதவைகளும் எடைக்கற்களும் உடன் கிடைத்தன. அளவிலும் அமைப்பிலும் இன்றைய சிறு செவுள் வலையிலிருந்து இது அதிகம் வேறுபடவில்லை என்பது வியப்புக்குரியது.

தமிழ் இலக்கியத்தில் நெய்தல் நிலப் பாடல்களில் வலையும் வலை உலர்த்தும் மணற்பரப்பும் மீண்டும் மீண்டும் வருகின்றன. பட்டினப்பாலை பரதவர் குடியிருப்பை விவரிக்கும்போது மணல் முற்றத்தில் காயும் வலைகளைக் குறிப்பிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை வலை முழுவதும் கையாலேயே பின்னப்பட்டது. சுமார் 1820இல் ஸ்காட்லாந்தின் மஸல்பரோவில் ஜேம்ஸ் பாட்டர்சன் என்பவர் வலை பின்னும் பொறியைக் கொண்டு தொழிற்சாலை நடத்தினார். அதன் பின்னர் படிப்படியாகப் பின்னல் வேலை தொழிற்சாலைக்குச் சென்றது. தமிழகக் கடற்கரையில் பருத்தி, சணல் நூல் வலைகளின் இடத்தை 1950களின் பிற்பகுதி முதல் நைலான் வலைகள் பிடிக்கத் தொடங்கின. இன்று பெரும்பாலான மீனவர்கள் பொறியில் பின்னிய வலைத்துணியை வாங்கி, கயிறு, மிதவை, ஈயம் ஆகியவற்றைக் கோத்து வலையாக ஆக்குகின்றனர். இருப்பினும் கைப்பின்னல் அழியவில்லை. ஏனெனில் கிழிந்த வலையைப் பொறியால் தைக்க முடியாது. கடற்கரையில் நிழல் பார்த்து அமர்ந்து ஊசியும் கையுமாக வலை பொத்தும் காட்சியை எந்த மீனவ ஊரிலும் காணலாம். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் படகுகளுடன் வலைகளும் பெருமளவில் அழிந்தன. தொழிலுக்குத் திரும்புவதற்குப் படகு மட்டும் போதாது, வலையும் வேண்டும் என்பதைக் கரையோரத்துக்கு வெளியே இருந்தவர்கள் அப்போதுதான் கவனித்தனர்.

கருவிகள்

தேவையானவை இரண்டே. முதலாவது வலை ஊசி. இது தையல் ஊசி போன்றதன்று. ஒரு முனை கூராகவும் மறுமுனை பிளவுபட்டும், நடுவில் நாக்குப் போன்ற ஒரு குச்சியுடனும் அமைந்த தட்டையான சட்டம். நூலை நாக்கைச் சுற்றிக் கீழிறக்கி, பிளவின் வழியாக மறுபுறம் கொண்டுசென்று மீண்டும் நாக்கைச் சுற்றி ஏற்றுவர். இவ்வாறு மாற்றி மாற்றிச் சுற்றினால் பல மீட்டர் நூல் ஊசிக்குள்ளேயே அடங்கிவிடும். மூங்கில், மரம், எலும்பு, கொம்பு ஆகியவற்றால் முன்பு செய்யப்பட்டது. இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் நெகிழி ஊசி. காட்டில் ஒரு மூங்கில் சிம்பும் கத்தியும் இருந்தால் அரை மணி நேரத்தில் ஒன்றைச் செதுக்கலாம். நாக்கு செதுக்கத் தெரியாதவர்கள் இரு முனையிலும் பிளவு வெட்டிய தட்டைக் குச்சியில் நூலைச் சுற்றிக்கொண்டாலும் வேலை நடக்கும்.

இரண்டாவது அளவுப் பட்டை. கண்கள் ஒரே அளவாக அமைய ஒவ்வொரு வளையத்தையும் இதன் மீது சுற்றியே முடிச்சிடுவர். தட்டையான எந்தச் சிறு பலகையும் போதும். பள்ளியில் கற்பிக்கும்போது அடிக்கோலை உடைத்த துண்டே நன்றாகப் பயன்படும். பட்டையின் அகலம் கண்ணின் ஒரு பக்க நீளத்துக்குச் சமம். ஆகவே 4 செ.மீ. அகலப் பட்டையில் பின்னிய கண்ணை இழுத்து மூடினால் 8 செ.மீ. நீளம் வரும். வலையின் கண்ணளவு என்று கூறும்போது பக்க நீளத்தைச் சொல்கிறார்களா, இழுத்த நீளத்தைச் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இந்தக் குழப்பத்தால் இரு மடங்கு பிழை ஏற்படும். ஊசி எப்போதும் கண்ணைவிடக் குறுகலாக இருக்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிட்டு, முதல் வரிசை முடிந்த பிறகே உணர்வதுண்டு.

வலைமுடிச்சு

வலையில் இடப்படும் முடிச்சு, இரு கயிறுகளை இணைக்கச் சாரணர்கள் கற்கும் முடிச்சேயாகும். நெசவாளர்கள் அறுந்த இழையை இணைக்க இடும் முடிச்சும் வடிவத்தில் இதுவே. பேடன் பவல் தொடங்கிய சாரணர் இயக்கத்தின் தொடக்கநிலை முடிச்சுகளுள் இது ஒன்று. இந்தியாவில் பாரத சாரண சாரணியர் பாடத்திலும் உள்ளது. எனவே சாரணப் பயிற்சி பெற்ற மாணவர் ஒருவர் தாம் அறியாமலேயே வலையின் அடிப்படையைக் கற்றிருக்கிறார். அவர் புதிதாகக் கற்க வேண்டியது அதே முடிச்சை ஊசியால், ஒரு முனை மட்டும் தளர்வாக இருக்கும் நிலையில், விரைவாக இடும் முறையை மட்டுமே.

வலது கைப் பழக்கமுள்ளவருக்கு முறை பின்வருமாறு. இடது கையில் பட்டையை முந்தைய வரிசைக் கண்களுக்குக் கீழே பிடிக்க வேண்டும். ஊசியிலிருந்து வரும் நூலைப் பட்டையின் முன்புறமாகக் கீழிறக்கி, பின்புறமாக மேலேற்றி, மேலேயுள்ள கண்ணுக்குள் பின்னிருந்து முன்னாக நுழைத்து இழுக்க வேண்டும். அக்கண்ணின் அடிப்பகுதி பட்டையின் மேல் விளிம்பைத் தொட்டவுடன் இடது பெருவிரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நூலை இடப்புறமாக ஒரு வளையமாக வீசி, ஊசியைக் கண்ணின் இரு கால்களுக்கும் பின்னால் வலமிருந்து இடமாகச் செலுத்தி, வீசிய வளையத்தின் வழியாக வெளியே எடுத்து இறுக்க வேண்டும். எழுத்தில் படிக்கும்போது சிக்கலாகத் தோன்றினாலும் கை பழகிய பின் இது ஒரே அசைவாகிவிடும்.

பிழை நேரும் இடம் பெருவிரல்தான். இறுக்கும் நேரத்தில் விரல் தளர்ந்து, வீசிய வளையம் கண்ணின் அடிக்குக் கீழே நழுவிவிட்டால், பார்வைக்கு முடிச்சுப் போலவே தோன்றும் ஒன்று உருவாகும். ஆனால் அது நூலின் மீது வழுக்கிச் செல்லும் போலி முடிச்சு. அத்தகைய முடிச்சு உள்ள இடத்தில் ஒரு கண் பெரிதாகி, அடுத்தது சிறிதாகும். மீன் பெரிய கண் வழியே தப்பிவிடும். முடிச்சை அடுத்துள்ள இரு கால்களையும் குறுக்காக இழுத்துப் பார்த்தால் இது உடனே தெரியும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் இச்சோதனையைச் செய்யச் சொல்லிக் கற்பிப்பது சிறந்தது. பத்து வரிசைகளுக்குப் பின் கண்டுபிடித்தால் அதுவரை பின்னியதைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

நைலான் வழவழப்பானது. ஆகையால் நைலான் நூலில் ஒற்றை முடிச்சு நாளடைவில் நெகிழக்கூடும். கண்ணின் கால்களை இருமுறை சுற்றி இடும் இரட்டை முடிச்சு இதற்குத் தீர்வு. பருத்தி, சணல், எருக்கு நார் போன்றவற்றுக்கு ஒற்றை முடிச்சே போதும், நனைந்தால் மேலும் இறுகும்.

வரிசை முடிந்ததும் வலையைப் புறம் திருப்பி, அடுத்த வரிசையை மீண்டும் இடமிருந்து வலமாகவே பின்னுவர். அகலத்தைக் கூட்ட ஒரே கண்ணில் இரண்டு வளையங்கள் இடுவர். குறைக்க இரண்டு கண்களைச் சேர்த்து ஒரே முடிச்சிடுவர். வீச்சுவலை நடுவிலிருந்து வட்டமாக விரிவது இவ்வாறு கண்களைக் கூட்டிக்கொண்டே செல்வதால்தான்.

ஊசியின்றிப் பின்னும் முறை

ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையின் உயிர்பிழைப்புக் கையேடான எஃப்எம் 21-76 (1992 பதிப்பு) உணவு தேடல் பற்றிய பகுதியில் செவுள் வலை செய்யும் முறை ஒன்றைத் தருகிறது. இதற்கு ஊசியும் தேவையில்லை, வலைமுடிச்சும் தேவையில்லை. கீழே இறங்கிய விமானியிடம் நிச்சயம் இருக்கக்கூடிய பொருளான வான்குடைக் கயிற்றை அடிப்படையாகக் கொண்டது இம்முறை. இக்கயிற்றின் பொதுவான வகை 550 இறாத்தல், அதாவது சுமார் 250 கிலோ எடை தாங்கும். அதன் உறைக்குள் ஏழு முதல் ஒன்பது வரையான உள்ளிழைகள் உள்ளன. உறையை ஒரு கயிறாகவும் உள்ளிழைகளை வலை நூலாகவும் பயன்படுத்தலாம்.

முதலில் வெற்று உறையை இரு மரங்களுக்கிடையே கட்டுவர். உள்ளிழைகளை இரண்டாக மடித்து, மடிப்பை உறையின் மீது சுருக்கிட்டு வரிசையாகத் தொங்கவிடுவர. இடப்புற ஓரத்து இழையை விட்டுவிட்டு, இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் சாதாரண முடிச்சிடுவர். பின் நான்காவதையும் ஐந்தாவதையும். அடுத்த வரிசையில் முதலாவதும் இரண்டாவதும், மூன்றாவதும் நான்காவதும். இவ்வாறு மாறி மாறிச் சென்றால் சாய்சதுரக் கண்கள் உருவாகும். முடிச்சுகள் ஒரே மட்டத்தில் அமைய, வலைக்குப் பின்னால் ஒரு வழிகாட்டிக் கயிற்றை மரங்களில் கட்டி, வரிசை முடிய முடியக் கீழிறக்குவர். போதிய உயரம் வந்ததும் அடியில் மற்றொரு உறையைக் கோத்து வலுப்படுத்துவர்.

இதன் நன்மை, பதினைந்து நிமிடங்களில் யாருக்கும் கற்பித்துவிடலாம் என்பது. தீமைகள் இரண்டு. முடிச்சில் இரு இழைகளும் வளைவதால் நூல் அதிகம் செலவாகும். கயிற்றைப் பல துண்டுகளாக வெட்டிவிடுவதால் பின்னர் அதை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. ஊசி முறையில் நூல் தொடர்ச்சியாக இருக்கும், தேவையானால் பிரித்தும் எடுக்கலாம். இரண்டையும் கற்பிக்க நேரமிருந்தால் ஊசி முறையை முதலில் கற்பிப்பதே முறை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. கடினமானதைக் கற்றவருக்கு எளியது தானே வரும்.

கணக்கு

வலை பின்னுவதில் உள்ள எளிய கணிதம் மாணவர்களுக்கு ஆர்வமூட்டக்கூடியது. தேவையில்லாத உழைப்பையும் அது தவிர்க்கும்.

சாய்சதுரக் கண்களால் ஆன வலையை முழுவதும் இழுத்தால் கண்கள் மூடிக்கொள்ளும். ஆகவே இழுத்த நீளத்தைவிடக் குறைந்த நீளமுள்ள கயிற்றில் அதைக் கோக்க வேண்டும். கயிற்றின் நீளத்தை வலையின் இழுத்த நீளத்தால் வகுத்தால் வருவது தொங்கு விகிதம். இது 0.5 எனில் பிதாகரசு தேற்றத்தின்படி உயரம், இழுத்த உயரத்தின் 0.866 பங்காகும். விகிதம் 0.707 எனில் கண்கள் சரியான சதுரமாகி, அதே நூலில் மிகப் பெரிய பரப்பு கிடைக்கும். எனினும் செவுள் வலைகளுக்குச் சுமார் 0.5 பொதுவாகப் பயன்படுகிறது. வலை சற்றுத் தொளதொளவென்று இருந்தால்தான் மீன் சிக்கும், பரப்பு மட்டும் பெரிதாக இருந்து பயனில்லை.

எடுத்துக்காட்டாக, 4 மீட்டர் நீளமும் சுமார் 1 மீட்டர் உயரமும் உள்ள வலை வேண்டும், கண்ணின் பக்கம் 4 செ.மீ. என்று கொள்வோம். தொங்கு விகிதம் 0.5 ஆகையால் இழுத்த நீளம் 8 மீட்டர். ஒரு கண்ணின் இழுத்த நீளம் 8 செ.மீ. ஆக, குறுக்கே 100 கண்கள். உயரத்துக்கு 15 கண்கள் இட்டால் 15 × 8 × 0.866 = சுமார் 104 செ.மீ. ஒரு வரிசைப் பின்னலில் அரைக் கண் மட்டுமே உருவாவதால் 30 வரிசைகள் தேவை. மொத்த முடிச்சுகள் 100 × 30 = 3,000.

ஒவ்வொரு முடிச்சுக்கும் இரண்டு பக்கங்களின் நூல் 8 செ.மீ. செலவாகும். முடிச்சுக்குள் 2 செ.மீ. மறையும் எனக் கொண்டால் மொத்தம் 10 செ.மீ. ஆகவே 3,000 முடிச்சுகளுக்கு 300 மீட்டர் நூல். ஏழு உள்ளிழைகள் கொண்ட வான்குடைக் கயிற்றில் இதற்குச் சுமார் 43 மீட்டர் கயிறு வேண்டும். மேலே கூறிய ஊசியில்லா முறையில் ஒவ்வொரு முடிச்சிலும் இரு இழைகளிலும் 3 செ.மீ. வீதம் மறைந்தால், இதே வலைக்கு 420 மீட்டர் ஆகும்.

இனி நேரம். பழகியவர் ஒரு முடிச்சுக்கு 5 நொடி எடுத்தால் சுமார் 4 மணி 10 நிமிடம். புதியவர் 15 நொடி எடுத்தால் பன்னிரண்டரை மணி நேரம். அதாவது பயிற்சி பெற்றவருக்கு ஒரு முற்பகல் வேலை, பெறாதவருக்கு ஒரு முழுப் பகல். கண்ணின் பக்கத்தை 2 செ.மீ. ஆகக் குறைத்தால் அதே பரப்புக்கு 12,000 முடிச்சுகள் வேண்டும், நூல் 720 மீட்டர் ஆகும். புதியவருக்கு 50 மணி நேரம். சிறிய மீன்களையும் விடக்கூடாது என்ற ஆசையில் கண்ணைச் சிறிதாக்குபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

செவுள் வலையில் மீனின் தலை கண்ணுக்குள் நுழைய வேண்டும், உடல் நுழையக்கூடாது. பின்வாங்கும்போது நூல் செவுள் மூடியில் மாட்டிக்கொள்ளும். எனவே கண்ணின் சுற்றளவு மீனின் செவுளருகே உள்ள சுற்றளவைவிடப் பெரிதாகவும் உடலின் மிகப் பெரிய சுற்றளவைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். 4 செ.மீ. பக்கமுள்ள கண்ணின் சுற்றளவு 16 செ.மீ. அந்நீர்நிலையில் எந்த அளவு மீன் உள்ளது என்று முதலில் தூண்டிலால் அறிந்துகொண்டு பின்னர் பட்டையைச் செதுக்குவது அறிவுடைமை.

கொழுப்புக் குறைந்த மீனின் 100 கிராம் சதையில் ஏறத்தாழ 100 கிலோகலோரி உள்ளது. அரைக் கிலோ மீனில் உண்ணத்தக்க பகுதி பாதி எனக் கொண்டால் 250 கிலோகலோரி. ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 2,000 கிலோகலோரிக்குக் குறையாது. ஆகவே ஓரிரு நாட்களில் மீட்கப்படுவோம் என்ற நிலையில் வலை பின்னுவது வீண். அந்த நேரத்தை நீர், உறைவிடம், தீ, மீட்பு அடையாளங்கள் ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டும். ஒரு வாரமோ அதற்கு மேலோ ஒரே நீர்நிலைக்கருகில் தங்க நேரும்போதுதான் வலை தன் விலையைத் திருப்பித் தரும்.

நூல் கிடைக்காதபோது

வான்குடைக் கயிறு எல்லோரிடமும் இராது. தாவர நாரிலிருந்து நூல் முறுக்குவது இதனோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டிய திறன். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் எருக்கின் தண்டுப்பட்டை நார் மெல்லியதும் உறுதியானதும் ஆகும். மீன்வலைக்கும் தூண்டில் நூலுக்கும் இது பயன்பட்டுள்ளது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கேடு விளைவிக்கும் என்பதால் தண்டை நன்கு உலர்த்திய பின்னரே உரிக்க வேண்டும். மருள், கற்றாழை வகைகள், சணப்பு ஆகியவற்றின் நாரும் ஏற்றது. வட அமெரிக்கப் பழங்குடியினர் நாய்ச்சணல் எனப்படும் ஒரு செடியின் நாரிலும் காஞ்சொறி வகை நாரிலும் வலை பின்னினர்.

இரு புரிகளை ஒவ்வொன்றாக ஒரு திசையில் முறுக்கி, இரண்டையும் எதிர்த்திசையில் ஒன்றன்மேல் ஒன்று சுற்றினால் நூல் தானே பிரியாது. இவ்வாறு 300 மீட்டர் முறுக்குவதற்கு ஆகும் நேரம், பின்னுவதற்கு ஆவதைவிடப் பன்மடங்கு அதிகம். உண்மையில் பழைய காலத்தில் வலையின் மதிப்பு அதன் நூலில்தான் இருந்தது.

தாவர நார் நீரில் அழுகும். இதைத் தடுக்கத் துவர்ப்புள்ள சாற்றில் வலையைத் தோய்ப்பர். தமிழகத்திலும் இலங்கையிலும் பனிச்சங்காய்ச் சாறு இதற்குப் பயன்பட்டது. சாயமேறிய வலை நீரில் மீனின் கண்ணுக்கு எளிதில் தென்படாது என்பது கூடுதல் நன்மை. வெள்ளை நைலான் இழை வலையையும் இதே காரணத்துக்காகச் சேற்றிலோ மரப்பட்டைச் சாற்றிலோ ஊறவைக்கலாம்.

கற்பித்தல்

வகுப்பறையில் மெல்லிய நூலில் தொடங்குவது தவறு. விரற்கடை பருமனுள்ள பருத்திக் கயிற்றில், நாற்காலியின் முதுகில் கட்டிய ஒரு கயிற்று வளையத்தில், ஊசியே இல்லாமல் கையால் முடிச்சிடப் பழக்க வேண்டும். முடிச்சின் வடிவம் கண்ணுக்குத் தெரிந்த பின் ஊசியையும் அகலமான பட்டையையும் கொடுக்கலாம். மேல்கயிற்றுக்கும் வலை நூலுக்கும் வெவ்வேறு நிறம் இருந்தால் நூலின் பாதை விளங்கும்.

முதல் வேலையாக மாணவரிடம் பெரிய மீன்வலையைப் பின்னச் சொன்னால் பாதியில் கைவிடுவர். பத்துக்குப் பத்துக் கண்கள் கொண்ட சிறு துண்டு ஒரு பாடவேளையில் முடியும். அடுத்ததாகப் பந்து வைக்கும் பை அல்லது காய்கறிப் பை. இவை முடிந்ததும் வீட்டில் பயன்படுவதால் மாணவருக்குத் தம் முடிச்சு தாங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும். இடது கைப் பழக்கமுள்ளவர்களை வலது கைக்கு மாற்ற முயலாமல், ஆசிரியர் அவர்களுக்கு எதிரே அமர்ந்து கண்ணாடி பிம்பம் போலச் செய்து காட்டினால் போதும்.

பாடநூலோ காணொளியோ அனுபவமுள்ள கைக்கு ஈடாகாது. கடலோரப் பள்ளிகளில் மாணவரின் தாத்தாவோ சித்தப்பாவோ இக்கலையில் வல்லவராக இருப்பார். அவரை ஒரு மணி நேரம் வகுப்புக்கு அழைப்பது எளிது, ஆனால் அது அரிதாகவே நடக்கிறது. கொச்சியில் 1957இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும், அங்கேயே 1963இல் தொடங்கப்பட்டு இப்போது சென்னையிலும் கிளை கொண்டுள்ள மீன்பிடிப் பயிற்சி நிறுவனமும் வலை நுட்பத்தை முறையான பாடமாக வைத்துள்ளன. அவற்றின் நோக்கம் தொழில்முறை மீன்பிடிப்பு.

நீரில் இடுதல்

மேல்கயிற்றில் மிதவைகளும் அடிக்கயிற்றில் எடைகளும் கட்டி வலையை நீரில் செங்குத்தாக நிறுத்துவர். உலர்ந்த கட்டை, மூடிய நெகிழிப் புட்டி ஆகியன மிதவையாகும். துளையிட்ட கல்லும் மணல் கட்டிய துணியும் எடையாகும். ஓடும் நீரில் நேர்க்குறுக்காக இட்டால் சருகும் குப்பையும் வந்து நிறைந்து வலை படுத்துவிடும். சாய்வாக இடுவதே நலம் என அமெரிக்கக் கையேடும் கூறுகிறது. மீன் வலையைக் காணாத அந்தியிலும் இரவிலும் பிடிப்பு அதிகம். அடிக்கடி பார்க்காவிட்டால் சிக்கிய மீனை ஆமை, நண்டு, நீர்நாய் ஆகியவை தின்றுவிட்டு வலையையும் கிழித்துப் போகும்.

மீன்பிடிப்பதைத் தவிர, வலை தூங்குமஞ்சமாகவும் சுமைப் பையாகவும் பறவைப் பொறியாகவும் பயன்படும். இரு கழிகளுக்கிடையே கட்டினால் காயமடைந்தவரைத் தூக்கிச் செல்லலாம். இலைதழைகளைச் செருகினால் மறைப்பு வலை. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் பெண்கள் தன்னார்வ அமைப்பினர் இத்தகைய மறைப்பு வலைகளைச் செய்தனர். உக்ரைனில் 2014 முதலும், குறிப்பாக 2022க்குப் பின்னும், மாணவர்கள் உட்படப் பொதுமக்கள் பள்ளிகளிலும் நூலகங்களிலும் வலையில் துணிக்கீற்றுகளைக் கோத்து வருகின்றனர்.

சட்டமும் சூழலும்

செவுள் வலை ஆளின்றி வேலை செய்வது அதன் சிறப்பு என்று மேலே கூறப்பட்டது. அதுவே அதன் கேடும் ஆகும். மறந்தோ அறுந்தோ போன வலை மீன்களையும் ஆமைகளையும் நீர்ப்பறவைகளையும் தொடர்ந்து கொன்றுகொண்டே இருக்கும். இவை பேய்வலைகள் எனப்படுகின்றன. பருத்தி வலை சில மாதங்களில் அழுகிவிடும், நைலான் வலை பல்லாண்டுகள் இருக்கும். பெருங்கடல்களில் பேரளவு மிதப்பு வலைகளை நிறுத்தக் கோரி ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1991இல் தீர்மானம் நிறைவேற்றியது, 1992 இறுதியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் பொழுதுபோக்கு மீன்பிடிப்பில் செவுள் வலைக்குத் தடை உண்டு. இந்தியாவில் கடல் மீன்பிடிப்பு தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், காட்டுயிர்க் காப்பிடங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. எனவே பயிற்சியின்போது வலையைப் பின்னி, மிதவை கட்டி, பள்ளிக் குளத்திலோ தொட்டியிலோ நிறுத்திப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பொது நீர்நிலையில் இடுவதானால் உரியவரின் அனுமதி தேவை. உயிர் காக்கும் நெருக்கடியில் இட்ட வலையையும் இடத்தை விட்டு நீங்கும்போது எடுத்துவிட வேண்டும்.

பழுது பார்த்தல்

கிழிந்த ஓட்டையை அப்படியே பொத்த முடியாது. முதலில் கத்தியால் ஒழுங்குபடுத்த வேண்டும். மேலே ஒரு முடிச்சில் மூன்று கால்கள் எஞ்சும்படியும், கீழே அதேபோல் மூன்று கால்கள் எஞ்சும்படியும், இடையில் உள்ள முடிச்சுகள் அனைத்திலும் இரண்டு கால்கள் மட்டும் நிற்கும்படியும் வெட்டுவர். மேலுள்ள முக்காலில் நூலைக் கட்டித் தொடங்கி, வரிசை வரிசையாகக் கீழிறங்கினால் நூலை எங்கும் அறுக்காமல் கீழ் முக்காலில் வந்து முடியும். தொடக்கத்தில் மேலும் வெட்டி ஓட்டையைப் பெரிதாக்குவது புதியவர்களுக்கு அச்சமூட்டும். எங்கே வெட்டுவது என்று கண்டறிவதே பொத்துவதில் பாதி வேலை. கணினி நிரலில் பிழை திருத்துவோருக்கு இது புதிதாக இராது. பட்டை இங்கே பயன்படாது, இடது கை விரல்களே அளவுகோல். பழைய கண்களோடு புதியவை சேருமிடம் தெரியாதபடி பொத்துபவரையே மீனவர்கள் வலை தெரிந்தவர் என்பர்.